பொத்தானும் பொறுமையும்



நம் பள்ளியின் ஆண்டு மலர் மீண்டும் மலர்ந்து உங்கள் கைகளில் தவழ்கின்றது. திடல்தடப் போட்டிகளில் வென்றோர், கட்டுரைப் போட்டியிலும் பேச்சுப் போட்டியிலும் பரிசு பெற்றோர் ஆகியோரின் பெயர்களையும் படங்களையும் இம்மலரின் மற்றப் பக்கங்களில் காண்பீர்கள். அவர்கள் அனைவரையும் மனமார வாழ்த்துகின்றோம். ஆயினும், யாம் இங்கு எழுதப் புகுவது எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஒரு வெற்றியைப் பற்றியது. நம் சிறப்புக் கல்வி வகுப்பில் பயிலும் ஒரு மாணவன் இவ்வாண்டு தன் சட்டைப் பொத்தான்களைத் தானே மாட்டிக்கொள்ளக் கற்றான். செய்தி அவ்வளவுதான்.

"இதற்கு ஒரு கட்டுரையா?" என்று சிலர் எண்ணக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன் என்றால் யாமும் அவ்வாறே எண்ணியிருப்போம். எம் எண்ணம் மாறிய கதையை மறைக்காமல் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயிற்சி முடித்து, 1992ஆம் ஆண்டு ஒரு ரப்பர்த் தோட்டப் பள்ளியில் யாம் பணியேற்றோம். கல்லூரியில் உளவியல் படித்திருந்தோம். பாடத் துணைப்பொருள்கள் செய்யக் கற்றிருந்தோம். கரும்பலகையில் கோணாமல் எழுதக் கற்றிருந்தோம். ஆனால், மற்றப் பிள்ளைகள் ஓராண்டில் கற்பதை ஆறாண்டுகளிலும் கற்க இயலாத பிள்ளைக்கு என்ன செய்வது என்பதை யாம் கற்கவில்லை. அத்தகைய பிள்ளை ஒருவன் அவ்வாண்டே எம் வகுப்பில் வந்து அமர்ந்தான்.

அவன் யாருக்கும் தொல்லை தராதவன். அழைத்தால் சிரிப்பான். எழுதச் சொன்னால் பென்சிலைப் பற்றத் தெரியாமல் விழிப்பான். இரண்டு மாதம் முயன்று பார்த்தோம். பிறகு அவனைக் கடைசி இருக்கைக்கு அனுப்பினோம். வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தனர். அந்நாளில் ஆறாம் ஆண்டு முடிவில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது, 2021ஆம் ஆண்டில் கைவிடப்பட்ட அத்தேர்வின் முடிவே அன்று பள்ளியின் மானமாகக் கருதப்பட்டது. எம் உழைப்பெல்லாம் மற்றப் பிள்ளைகளுக்கே போயிற்று. அவனுடைய சப்பாத்துக் கயிற்றை யாரேனும் ஒரு மாணவி கட்டிவிடுவாள். சிற்றுண்டிச்சாலையில் ஒருவர் அவனுக்கு ஊட்டிவிடுவார். "நம் பிள்ளைகள் எவ்வளவு அன்பானவர்கள்!" என்று யாமும் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

1997ஆம் ஆண்டின் இறுதி நாளன்று அவனுடைய தாயார் வந்தார். பால்மரம் வெட்டிவிட்டு வந்த கோலத்திலேயே நின்று, "ஆறு வருசம் எம் பிள்ளைய அடிக்காம, வையாம வெச்சிருந்தீங்க ஐயா" என்று கைகூப்பினார். அந்த நன்றியை யாம் பெற்றுக்கொண்டோம். அது எமக்கு உரியது அன்று என்பது அன்று எமக்குத் தெரியவில்லை.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 2014ஆம் ஆண்டு, ஒரு திருமண வீட்டில் அவர்களைக் கண்டோம். அவன் வளர்ந்த ஆளாகியிருந்தான். மீசை அரும்பி, நம்மினும் உயரமாக இருந்தான். பந்தியில் அவனருகே அமர்ந்து, நரைத்த தலையுடன் அத்தாயார் சோற்றைப் பிசைந்து அவன் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் எழ முயன்றார். உட்காரும்படி வேண்டினோம். நலம் விசாரித்தோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு அப்புறம் இவனுக்கு யாருங்க ஐயா சோறு ஊட்டுவாங்க?" என்று கேட்டார்.

அவர் எம்மீது குறை கூறவில்லை. மனத்தில் இருந்ததைக் கேட்டார். ஆனால் இலையில் இருந்த சோறு எமக்கு இறங்கவில்லை. ஆறாண்டுகள், அந்தக் கைகள் நம் பள்ளிக்கூடத்து மேசையின்மீது சும்மா கிடந்தன. ஒரு பிடி சோற்றை எடுத்து வாயில் வைக்க அக்கைகளுக்கு யாம் கற்பிக்கவில்லை. அவனுக்கு இயலாது என்று முடிவு செய்தவர் மருத்துவர் அல்லர், யாமே.

தற்போது பணியாற்றும் இப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பைத் தொடங்கும் பேச்சு எழுந்தபோது, உண்மையைச் சொன்னால், யாம் தயங்கினோம். இடம் போதுமா, பெற்றோர் என்ன சொல்வர், பள்ளியின் பெயர் என்னாகும் என்றெல்லாம் எண்ணினோம். அத்தாயாரின் கேள்விதான் எம்மைக் கையொப்பமிடச் செய்தது. 2017ஆம் ஆண்டு, பழைய நூல்நிலைய அறையில், சில பிள்ளைகளுடன் அவ்வகுப்பு தொடங்கியது. சிறப்புக் கல்வியில் பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவர் வந்து சேர்ந்தார். பிள்ளைகளைக் கவனிக்க உதவியாளர் ஒருவரும் வந்தார்.

முதல் மாதத்தில் ஒரு நாள் அவ்வகுப்பைப் பார்வையிடச் சென்றோம். ஒரு சிறுவன் சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தான். நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. ஆசிரியையோ அவனெதிரே கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா அமர்ந்திருந்தார். சற்று நேரம் பார்த்தோம். மனம் பொறுக்கவில்லை. குனிந்து, இரண்டே நொடியில் பொத்தானை மாட்டிவிட்டு, அவன் தலையைத் தடவிக்கொடுத்தோம். சிறுவன் எம்மைப் பார்க்கவில்லை. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டான்.

பள்ளி விட்ட பிறகு ஆசிரியை அலுவலகத்திற்கு வந்தார்.

"ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. இன்று அவன் பாதி வழி வந்துவிட்டான். மீதி வழியைத் தாங்கள் போய்விட்டீர்கள்."

எம்மினும் இருபது வயது இளையவர் அவர். முதலில் எமக்குச் சினம் வந்தது. இரவு படுக்கையில் அந்தத் திருமண வீட்டுப் பந்தி நினைவிற்கு வந்தது. மறுநாள் காலை அவருடைய வகுப்பில் பின்னிருக்கை ஒன்றில் மாணவனைப் போல் அமர்ந்தோம். அவர் கற்பிக்கும் முறையை அங்குதான் அறிந்தோம்.

பொத்தான் மாட்டுதல் நமக்கு ஒரே செயலாகத் தோன்றுகின்றது. அவர் அதனை ஐந்தாகப் பிரித்து வைத்திருந்தார். துளையைக் கண்டுபிடித்தல் ஒன்று. பொத்தானின் விளிம்பை இரு விரல்களால் பற்றுதல் இரண்டு. அதைத் துளைக்குள் பாதியளவு செலுத்துதல் மூன்று. மறுபுறம் தலைகாட்டும் பொத்தானை மற்றக் கையால் பிடித்தல் நான்கு. வெளியே இழுத்தல் ஐந்து. இதில் வியப்பு என்னவென்றால், அவர் ஐந்தாவதைத்தான் முதலில் கற்பித்தார். முதல் நான்கையும் தாமே செய்து, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விட்டுவிடுவார். அது கைவந்தபின் நான்காவது, பிறகு மூன்றாவது. இவ்வாறு பின்னிருந்து முன்னே வருவதால், ஒவ்வொரு முறையும் வேலை பிள்ளையின் கையிலேயே முடிகின்றது. தோல்வியோடு எழுந்து செல்லும் நாளே இல்லை.

தோட்டத்துத் தச்சரிடம் சொல்லி, ஒரு மரச்சட்டம் செய்து வாங்கியிருந்தார். அதில் இருபுறமும் துணி பூட்டி, பெரிய பொத்தான்களும் அகன்ற துளைகளும் வைத்திருந்தார். பெரியதில் பழகிய விரல் பின்னர்ச் சிறியதற்குச் செல்லும். பல் துலக்குதல், கை கழுவுதல், கழிவறைக்குச் செல்லுதல் ஆகியவற்றிற்கும் வரிசையாகப் படங்களை வரைந்து சுவரில் ஒட்டியிருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே ஒரு கல்வித் திட்டம் எழுதி வைத்திருந்தார்.

இம்முறைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு என்பதை அதன்பிறகு தேடிப் படித்தோம். மரியா மாண்டிசோரி என்னும் இத்தாலிய மருத்துவ அம்மையார், அறிவு வளர்ச்சி குன்றியோர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிடையே முதலில் பணியாற்றினார். அங்குக் கற்றவற்றைக் கொண்டே 1907ஆம் ஆண்டு ரோமாபுரியில், உழைக்கும் ஏழை மக்களின் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் திறந்தார். பொத்தானும் கயிறும் பூட்டிய மரச்சட்டங்கள் அவர் வகுத்த பயிற்சிக் கருவிகளே. அவ்வம்மையார் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார் என்பதும் நமக்கு மகிழ்வூட்டும் செய்தி.

ஹெலன் கெல்லர் அம்மையாரின் கதையை மாணவர்கள் பாடத்தில் படித்திருக்கலாம். பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது நோயினால் கண்ணொளியையும் செவிப்புலனையும் இழந்தவர் அவர். 1887ஆம் ஆண்டு ஆசிரியை ஆன் சல்லிவன் அவருடைய உள்ளங்கையில் 'தண்ணீர்' என்னும் சொல்லை எழுதிக் காட்டியதை அனைவரும் அறிவர். அதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்ததைப் பலர் அறியார். பிறர் தட்டுகளில் கைவிட்டு எடுத்து உண்ணும் சிறுமியாக ஹெலன் இருந்தார். இரக்கத்தால் வீட்டார் அதனை விட்டுவைத்திருந்தனர். ஆன் சல்லிவன் கதவைப் பூட்டிக்கொண்டு, சிறுமி தன் தட்டில் கரண்டியால் உண்டு, கை துடைக்கும் துணியை மடித்து வைக்கும்வரை விடாமல் போராடினார். முதலில் கரண்டி, பின்னர்தான் சொல். வீட்டாரின் இரக்கத்தால் அடைந்து கிடந்த வழி, ஆசிரியையின் பொறுமையால் திறந்தது.

இனி, இவ்வாண்டு வென்ற மாணவனுக்கு வருவோம். பெயர் வேண்டா, அவனைத் 'தம்பி' என்றே குறிப்போம். தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவி நிலை உண்டு. மனித உடலின் அணுக்களில் 46 குரோமோசோம்கள் இருக்கும். இவர்களுக்கு 21ஆம் வகையில் ஒன்று கூடி, 47 இருக்கும். தசைகள் சற்றுத் தளர்ந்தும் விரல்கள் குட்டையாகவும் இருப்பதால் நுண்ணிய கைவேலை கடினமாகின்றது. இது பெற்றோர் செய்த பாவமும் அன்று. கிரகணத்தின் குற்றமும் அன்று. யாருடைய கண்ணேறும் அன்று. இதனைத் தோட்டப் பெருமக்கள் தயவுசெய்து மனத்திற் கொள்ள வேண்டும்.

பள்ளியில் கற்பதை வீட்டிலும் பழக வேண்டும் என்று சொல்வதற்காக ஆசிரியையுடன் தம்பியின் இல்லம் சென்றோம். தாயார் உதிரிப் பழம் பொறுக்குபவர். தந்தையார் குலை வெட்டுபவர். விடியுமுன் பிரட்டுக்குப் போக வேண்டும்.

"நானே போட்டுவிட்டா ஒரு நிமிசம் ஐயா. அவனா போடட்டும்னு நின்னா, பிரட்டுல பேரு விட்டுப் போயிடும்" என்றார் தாயார்.

அவர் சொன்னது நியாயம். பேர் விழாவிட்டால் கூலி இல்லை. பொறுமை இலவசமாகக் கிடைக்கும் பொருள் என்று எண்ணி அறிவுரை கூற வந்த எமக்கு அது ஒரு பாடம். பாட்டியாரோ, "பச்சப் புள்ளய வதைக்கிறீங்களே வாத்தியாரே!" என்று கண்கலங்கினார்.

நெடுநேரம் பேசியபின் ஆசிரியை ஒரு வழி சொன்னார். காலையில் தாயாரே உடுத்திவிடட்டும். மாலையில் குளித்தபின் மட்டும், ஒரே ஒரு பொத்தான், ஒரே ஓர் இழுப்பு. அதற்கு ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தைத் தாம் தருவதாகத் தந்தையார் ஒப்புக்கொண்டார். காட்டில் குலை சுமந்த தோளோடு, வாசற்படியில் மகனெதிரே ஒவ்வொரு மாலையும் அவர் அமர்ந்தார்.

ஒரு பொத்தான் இரண்டானது. ஆண்டிறுதி விடுமுறை வந்தது, தம்பி காய்ச்சலில் படுத்தான், கற்றதெல்லாம் போயிற்று. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள். சில நாள் சட்டையைக் கழற்றி எறிந்தான். சில நாள் தந்தையார் அசதியால் உட்கார்ந்தபடியே உறங்கிவிட்டார். ஆனால் விட்டுவிடவில்லை.

இவ்வாண்டு ஒரு திங்கட்கிழமை. சபைகூடலில் தம்பி வரிசையில் நின்றான். சட்டையின் ஒருபுறம் மேலேறியும் மறுபுறம் கீழிறங்கியும் இருந்தது. ஒரு துளை தவறி, எல்லாப் பொத்தான்களும் ஒன்று தள்ளி மாட்டப்பட்டிருந்தன. அன்று பாட்டியாருக்கு உடல்நலமில்லை; பெற்றோர் பிரட்டுக்குப் போய்விட்டனர்; தானே உடுத்திக்கொண்டு வந்துவிட்டான்!

எம் கை பழக்கத்தால் அவன் சட்டையை நோக்கி நீண்டது. ஆசிரியை எம்மைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டோம். நாள் முழுதும் தம்பி அக்கோணல் சட்டையோடு பள்ளியெங்கும் நடந்தான். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் சிரிக்கத் தொடங்க, பக்கத்தில் இருந்தவன், "அவனே போட்டதுடா" என்றான். சிரிப்பு நின்றது. அந்த ஒரு சொல்லுக்காக அம்மாணவனுக்குப் பரிசளிப்பு விழாவில் ஒரு பரிசு தந்திருக்க வேண்டும், தவறிவிட்டோம். இங்கே பாராட்டுகின்றோம்.

மாணவச் செல்வங்களே, சிறப்புக் கல்வி வகுப்பு மாணவர்கள் உங்கள் உடன்பிறப்புகள். அவர்களின் பையை நீங்கள் சுமக்க வேண்டா. அவர்கள் சுமக்கும்போது உடன் நடந்து வாருங்கள். அவர்களுக்காக நீங்கள் பேச வேண்டா. அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருங்கள். விளையாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், வேண்டுமென்றே தோற்றுக் கொடுக்காதீர்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பேசவோ நடக்கவோ தாமதித்தால், "போகப் போகச் சரியாகும்" என்று நாள் கடத்தாதீர்கள். உறவினர் கேலிக்கு அஞ்சி வீட்டில் மறைத்தும் வைக்காதீர்கள். அரசாங்க மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ காட்டுங்கள். மருத்துவர் உறுதி செய்தபின், சிறப்புக் கல்விக்கு மாவட்டக் கல்வி இலாகாவின்வழி விண்ணப்பிக்கலாம். தொடக்கக் கல்வி 2003ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் கட்டாயம். சிறப்புத் தேவையுடைய எந்தப் பிள்ளையையும் பள்ளிகள் மறுக்கலாகாது என்னும் கொள்கையைக் கல்வியமைச்சு 2019ஆம் ஆண்டு முதல் நடைமுறைப்படுத்தி வருகின்றது. சமூகநல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. அட்டை பெறலாம். சிறப்புக் கல்வி மாணவர்க்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு. பாரங்கள் நிரப்பத் தெரியவில்லை என்றால் அலுவலகத்திற்கு வாருங்கள். அருகிருந்து நிரப்பித் தருகின்றோம். 2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஆதலால் இவையாவும் அவர்களுக்கு உரியவை. யாரும் இடும் பிச்சை அன்று.

வீட்டில் அவர்களுக்கென ஒரு வேலை கொடுங்கள். தட்டு எடுத்து வைப்பதோ, கோழிக்குத் தீனி போடுவதோ, எதுவாயினும் சரி. அதை அவர்களே செய்யட்டும். பெண் பிள்ளையாயினும் ஆண் பிள்ளையாயினும், குளிக்கும்போது கதவைச் சாத்தவும், யாரேனும் தகாத முறையில் தொட்டால் "வேண்டா" என்று உரக்கச் சொல்லவும், உங்களிடம் வந்து தெரிவிக்கவும் பழக்குங்கள். உடல் வளர்வதற்கு முன்பே இதனைக் கற்பித்தாக வேண்டும். எழுத்து வராத பிள்ளைக்கும் மானம் உண்டு.

தம்பி இன்னும் எழுத்துகளை முழுமையாக அறியவில்லை. அறியக்கூடும், அறியாமலும் போகலாம். பொத்தான் மாட்டத் தெரிந்ததால் வாழ்க்கை முழுதும் சீராகிவிட்டது என்று சொல்லவும் மாட்டோம். ஆனால் தந்தையாரின் ஐந்து நிமிடம் அவனுக்கு ஒரு காலைப்பொழுதை வென்று தந்துள்ளது. அடுத்த ஆண்டு சப்பாத்துக் கயிறு. அதற்கடுத்து, கடைக்குச் சென்று சில்லறை எண்ணி வாங்குதல்.

திருமணப் பந்தியில் அத்தாயார் கேட்ட கேள்விக்கு எம்மிடம் இன்றும் விடையில்லை. அவர் இப்போது உயிருடன் இல்லை. மகனுக்கு அவனுடைய அக்காள் ஊட்டுகின்றார். அந்தக் கடனை யாம் அடைக்க இயலாது. அதே கேள்வியை இத்தோட்டத்தில் இன்னொரு தாய் கேட்கும்படி விட்டுவிடக் கூடாது என்பது ஒன்றே எம்மால் ஆகக்கூடியது.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது பழமொழி. ஐம்பதைக் கடந்த யாம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க இப்போதுதான் கற்றுள்ளோம். தம்பி ஒரு பொத்தானைக் கற்க எடுத்துக்கொண்ட காலத்தைவிட, அதனைக் கற்க யாம் எடுத்துக்கொண்ட காலம் மிக நீண்டது. ஆகவே, கற்க நேரமாகும் பிள்ளைகளிடம் பொறுமை காட்ட எமக்கு மேலும் ஒரு காரணம் உண்டு.



வாழ்க நம் பிள்ளைகள்! வளர்க நம் பள்ளி!

அன்புடன்,
தலைமையாசிரியர்